தண்ணீர் குடிக்காத சருகு மக்காது

தருமபுரி நகரத்துக்கு வெளியே புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கிறார். மனையில் பழைய மாமரம் ஒன்று, தென்னை இரண்டு, வேப்பமரம் ஒன்று, பின்பக்கம் கொஞ்சம் புல்தரை. தை பிறந்ததிலிருந்து சருகு கூட்டி மாளவில்லை. முன்பெல்லாம் கூட்டிக் கொளுத்திவிடுவார்களாம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இளைப்பு அதிகமானதும் அதை நிறுத்திவிட்டு, மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுத்து, சருகைக் கொட்டி, ஒரு கூடை சாணியைக் கரைத்து ஊற்றி, மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார். ஏழு மாதம் கழித்துத் தோண்டினால் மாவிலை மாவிலையாகவே கிடக்கிறது. "கடையில் விற்கும் மக்கவைக்கும் பொடி வாங்கிப் போட்டால் சரியாகுமா? குப்பை சேர்த்தால் பாம்பு வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அது நிஜமா?" என்பது கேள்வி.

பொடி இப்போதைக்கு வேண்டாம். உங்கள் குழியில் குறைவது தண்ணீர். அடுத்தது காற்று. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எந்தப் பொடியும் வேலை செய்யாது. பாம்பைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன், அதை ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாது.

நான் பாலக்கோடு பக்கம் இருக்கிறேன். பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டுத் தோட்டத்துக் குப்பை எதுவும் வாசலைத் தாண்டியதில்லை. ஆரம்பத்தில் நானும் இதைத்தான் செய்தேன். பழைய சிமென்ட் வளைய உறை ஒன்றுக்குள் மாஞ்சருகைத் திணித்து, வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, எட்டு மாதம் காத்திருந்தேன். உறையைப் புரட்டியபோது, அப்பளம் அடுக்கி வைத்தது போல இலைமேல் இலை படிந்து, உள்ளே எலும்பு போலக் காய்ந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் முழுக்க ஓரமாக வழிந்து அடிமண்ணுக்குப் போயிருக்கிறது. மாவிலையின் மேல் மெழுகு போல ஒரு பூச்சு உண்டு. காய்ந்த பிறகும் அது போகாது. மேலே ஊற்றும் தண்ணீர் இலையில் உருண்டு ஓடுமே தவிர உள்ளே இறங்காது.

நம் மாவட்டத்துக்கு இதில் தனியாக ஒரு கஷ்டம் இருக்கிறது. தருமபுரியில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஆவணியிலிருந்து ஐப்பசிக்குள் பெய்துவிடும். சருகு உதிர்வதோ தையிலிருந்து பங்குனி வரை. மழை முடிந்தபின் உதிர்கிற இலை, அடுத்த மழைக்கு ஆறு ஏழு மாதம் வெயிலில் காத்திருக்க வேண்டும். அதற்குள் அது வற்றலாகிவிடுகிறது. மழை அதிகமான ஊர்க்காரர்கள் எழுதிய முறையைப் படித்துவிட்டு "லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்" என்று நாமும் தெளித்தால், நம் வெயிலில் அது சாயங்காலத்துக்குள் ஆவியாகிவிடும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாக மக்குவதற்குக் குவியலின் மொத்த எடையில் 50 முதல் 60 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த சருகில் இருப்பது பத்து சதவீதம் போல. 50 கிலோ சருகில் 5 கிலோதான் நீர், மீதி 45 கிலோ உலர்ந்த பொருள். ஈரத்தை 55 சதவீதத்துக்குக் கொண்டுவர இன்னும் 50 லிட்டர் வேண்டும். சருகின் எடைக்கு எடை தண்ணீர் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கில் அமுக்கிக் கட்டிய சருகு எங்கள் வீட்டில் ஏழெட்டு கிலோ நிற்கும். அப்படி ஆறு ஏழு சாக்குக்கு மூன்று நான்கு குடம் தண்ணீர், அதுவும் வழிந்து போகாமல் இலைக்குள் இறங்க வேண்டும். நீங்கள் ஊற்றிய ஒரு கூடைச் சாணிக் கரைசலை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏன் மக்கவில்லை என்று புரியும்.

உள்ளே இறங்க வைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, முதலில் நொறுக்கி, அப்புறம் ஊறவைப்பது. வரிசை மாறக்கூடாது. சருகு நன்றாகக் காய்ந்திருக்கும் மத்தியான வேளையில் சாக்கில் பாதி நிரப்பி, வாயைக் கட்டி, தரையில் போட்டுத் தடியால் அடியுங்கள். ராகிக் கதிர் அடிக்கிற மாதிரிதான். பத்துப் பதினைந்து அடியில் மாவிலை கால் துண்டு, அரைத் துண்டாக உடைந்துவிடும். இலை உடைந்த விளிம்பில் மெழுகு இல்லை. தண்ணீரும் அந்த வழியாக நுழையும், பூஞ்சையும் அந்த வழியாகத்தான் நுழையும். அப்புறம் நொறுங்கியதைப் பழைய டிரம்மிலோ சிமென்ட் தொட்டியிலோ கொட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, மேலே ஒரு கல் வைத்துவிடுங்கள். ஓர் இரவு, முடிந்தால் ஒரு பகலும் ஓர் இரவும் ஊறட்டும். மறுநாள் சருகை வாரி எடுத்தபின் மிஞ்சும் பழுப்புத் தண்ணீரிலேயே அடுத்த சாக்கை ஊறப்போடலாம். தண்ணீர் வீணாகாது.

தண்ணீருக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பது நியாயம். ஒகேனக்கல் குடிநீரைக் குப்பையில் ஊற்ற யாருக்கும் மனம் வராது, ஊற்றவும் வேண்டாம். அரிசி களைந்தது, காய்கறி அலசியது, மாட்டுக்கு வைத்து மீந்த கழனித் தண்ணீர், இவை எல்லாம் குப்பைக்கு நல்லது. போர் தண்ணீர் உப்பாக இருந்தாலும் மக்குவதை அது தடுக்காது. சோப்புத் தண்ணீரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இனி சாணி விஷயம். சாணி கரைத்து ஊற்றினால் எல்லாம் மக்கிவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். சாணி நல்லதுதான், அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஆனால் அந்த நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு வேண்டும். சருகில் கரிமம் (கார்பன்) ஏராளம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. காய்ந்த இலையில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 50 முதல் 80 பங்கு இருக்கும். நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருக அது 25, 30 பங்குக்கு இறங்க வேண்டும். 50 கிலோ சருகுக்கு ஏறக்குறைய 350 கிராம் தழைச்சத்து குறைகிறது. பச்சைச் சாணியில் தழைச்சத்து அரை சதவீதத்துக்கும் கீழே. பத்துக் கிலோ கூடையில் 30, 40 கிராம்தான் கிடைக்கும். அதாவது சாணியை மட்டும் நம்பினால் பத்துக் கூடை வேண்டும். மாடு வைத்திருப்பவர்களுக்கு அது முடியும், நகரத்து ஓர வீட்டுக்கு முடியாது.

அதனால் பச்சைப் பொருளைத் தேடுங்கள். எடைக்கு எடை பச்சை கிடைத்தால் நல்லது. அளவில் பார்த்தால் இரண்டு மூன்று கூடைச் சருகுக்கு அழுத்தி நிரப்பிய ஒரு கூடைப் பச்சை. வெட்டிய புல், பிடுங்கிய களை, முருங்கைக் கழிவு, அகத்தி, கிளைரிசிடியா, புங்கன் தழை, வாழை இலை, சமையலறைக் காய்கறித் தோல், எல்லாம் ஆகும். பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் ஊற்ற வேண்டிய தண்ணீரும் மிச்சம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இதற்குப் பஞ்சமே இல்லை, கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பட்டுப்புழு வளர்க்கிற வீடு பக்கத்தில் இருந்தால், தட்டிலிருந்து வாரிப் போடும் புழு எச்சமும் மீந்த மல்பெரி இலையும் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்து சருகை இவ்வளவு வேகமாகச் சூடேற்றுவது வேறு எதுவும் இல்லை. சாமந்தி, சம்பங்கி வியாபாரிகள் வாடிய பூவைச் சாயங்காலம் கொட்டத்தான் போகிறார்கள். நார், பிளாஸ்டிக் கயிறு இவற்றைப் பொறுக்கிவிட்டுப் போடலாம். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை விழுந்த வாரத்தில் ரோட்டோரம் கூடை கூடையாகக் கிடக்கும். அதைப் பார்க்கவே வயிறு எரியும். எடுத்து வந்து காய்ந்த சருகோடு கலந்தால் தண்ணீர்க் கவலை பாதி தீர்ந்துவிடும். சூடு சரியாக ஏறாவிட்டால் பிறகு உரம் போட்ட இடமெல்லாம் தக்காளி முளைக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால் 50 கிலோ சருகுக்கு ஐந்து கிலோ கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றலாம், அதில் ஏழு சதவீதம் அளவுக்குத் தழைச்சத்து உண்டு. அல்லது முக்கால் கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். யூரியா என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். குவியலில் போட்ட யூரியாவை நுண்ணுயிர்கள் தின்று தங்கள் உடம்பாக்கிக் கொள்கின்றன. சருகை எரிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பது என் எண்ணம். ஒன்று கவனியுங்கள்: யூரியா போடும்போது சாம்பலோ சுண்ணாம்போ சேர்க்காதீர்கள். தழைச்சத்து அமோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

குழியா, குவியலா என்பது அடுத்து. நீங்கள் செய்தது பெங்களூர் முறைக்குக் கிட்டத்தட்ட ஒத்தது. 1939-இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சி. என். ஆச்சார்யா உருவாக்கிய முறை அது. குழியில் அடுக்கடுக்காகக் குப்பையைப் போட்டு மூடிவிடுவார்கள், புரட்டுவதில்லை. அங்கே போட்டது நகரக் குப்பையும் மலக்கழிவும். இரண்டிலும் ஈரமும் தழைச்சத்தும் தாராளமாக இருந்ததால் மூடி வைத்தாலும் மக்கியது. உங்களுடையது வெறும் மாஞ்சருகு. அதை மண்ணுக்குள் மூடியது ஊறுகாய்ப் பானையில் போட்டு மூடியது போல ஆகிவிட்டது.

வீட்டுச் சருகுக்குப் பொருந்துவது இந்தூர் முறை. ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் 1924 முதல் 1931 வரை வேலை செய்தபோது வகுத்தது. பச்சையும் காய்ந்ததும் சாணியும் அடுக்கி, ஈரம் காத்து, குறிப்பிட்ட நாளில் புரட்டிவிடுவதுதான் அதன் உயிர். அங்கேயும் வெயில் காலத்தில் ஆழமில்லாத பள்ளத்திலும், மழைக்காலத்தில் தரைக்கு மேல் மேடாகவும் போட்டார்கள். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இல்லை. தையிலிருந்து ஆடி வரை ஒன்றரை அடி, இரண்டு அடிப் பள்ளத்தில் ஆரம்பியுங்கள். பள்ளத்தின் சுவர் காற்று உறிஞ்சாமல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆவணி பிறந்தால் மேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இந்தப் பருவ மாற்றத்தை நான் ஒரு வருஷம் அலட்சியம் செய்தேன். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் பள்ளம் குளமாகிவிட்டது. உள்ளே காற்றில்லாமல் அழுகி, அழுகிய முட்டை நாற்றம் தெரு முழுக்க. பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாரம் ஜன்னலைத் திறக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, தண்ணீரை இறைத்து, காய்ந்த சருகு நான்கு சாக்கு கலந்து மேட்டில் போட்டதும் மூன்றே நாளில் நாற்றம் அடங்கியது. அதிலிருந்து மழைக்காலத்துக்கென்று இரண்டு சாக்கு உலர்ந்த சருகை எப்போதும் திண்ணையோரம் வைத்திருப்பேன்.

இடம் மரநிழலாக இருக்கட்டும். ஆனால் தென்னையை ஒட்டியும் வேண்டாம், வீட்டுச் சுவரை ஒட்டியும் வேண்டாம். அளவு முக்கியம்: நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறையக்கூடாது. அதற்குக் கீழே போனால் உள்ளே உண்டாகும் சூடு வெளியே ஓடிவிடும். அடியில் முருங்கைக் குச்சி, துவரைக் குச்சி, மாங்குச்சி என்று அரையடிக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள், காற்று அந்த வழியாக ஏறும். அதன்மேல் ஊறிய சருகு முக்கால் அடி, பச்சை கால் அடி, சாணிக் கரைசல் ஒரு வாளி, பழைய மக்கிய எரு இருந்தால் இரண்டு கை. இதையே திரும்பத் திரும்ப அடுக்கி மூன்றடிக்குக் கொண்டுவாருங்கள். மிதித்து அமுக்கக்கூடாது. மேலே நனைத்த கோணிச்சாக்கு, அதற்கு மேல் தென்னங்கீற்று. ஒரே நாளில் கட்டி முடிப்பது நல்லது. தினம் ஒரு முறம் குப்பை போட்டுச் சேர்க்கிற குவியல் சூடேறாது. அதனால் வாரக்கணக்கில் சருகைச் சாக்கில் சேர்த்து வைத்து, பச்சை கிடைக்கிற நாளில் கட்டுங்கள்.

ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும், ஒன்றிரண்டு சொட்டு விழலாம். ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு. சூட்டுக்கு ஒரு இரும்புக் கம்பி போதும். நடுவில் செருகிப் பத்து நிமிஷம் கழித்து உருவிப் பிடியுங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் 55, 60 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சூடு மூன்று நாளாவது நிலைத்து நின்றால் பெரும்பாலான களை விதையும் நோய்க்கிருமியும் செத்துவிடும். சரியாகக் கட்டினால் நாலாம் நாள், ஐந்தாம் நாளே கம்பி சுடும். முதல் முறை விடிகாலையில் குவியலைக் கிளறி ஆவி எழுவதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

பத்தாம் நாள் முதல் புரட்டு. ஓரத்தில் இருப்பது உள்ளே, உள்ளே இருப்பது ஓரத்துக்கு. புரட்டும்போதுதான் தண்ணீர் சேர்க்க வேண்டும். மேலேயிருந்து ஊற்றுவதில் பலனில்லை என்பதை உறையில் பார்த்துவிட்டோம். அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று மூன்று நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் சூடு ஏறி இறங்கும், ஏறுகிற உயரம் குறைந்துகொண்டே வரும். புரட்டியும் சூடு ஏறவில்லை என்றால் அதன் வேலை முடிந்தது, ஆறவிடுங்கள். வேப்பஞ்சருகும் புல்லும் மூன்று மாதத்தில் முடியும். மாவிலை நொறுக்கிப் போட்டால் நான்கைந்து மாதம். குவியல் பாதிக்கும் கீழே தணிந்துவிடும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதியில் மார்கழிக் குளிருக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகும்.

குவியல் என்ன சொல்கிறது என்று கவனிக்கப் பழகுங்கள். மூக்கில் சுர்ரென்று ஏறும் நெடி வந்தால் பச்சை அதிகம், சருகு சேருங்கள். அழுகிய நாற்றம் என்றால் தண்ணீர் அதிகம், புரட்டுங்கள். நாற்றமும் இல்லை, சூடும் இல்லை, எறும்பு வரிசை போகிறது, கறையான் மண் கட்டியிருக்கிறது என்றால் காய்ந்துவிட்டது. நம் செம்மண் பூமியில் பத்துக்கு எட்டுக் குவியலில் நடப்பது இந்தக் கடைசிதான். கறையானுக்கு மருந்து அடிக்காதீர்கள். பிரித்து நனைத்துத் திரும்பக் கட்டினால் தானாகப் போய்விடும்.

எல்லா இலையும் ஒன்று போல இல்லை. புளி இலை பொடி இலை, சீக்கிரம் மக்கும், நொறுக்க வேண்டாம். வேம்பு கசப்பாக இருக்கிறதே, நுண்ணுயிரைக் கொன்றுவிடாதா என்று கேட்பார்கள். இல்லை, நன்றாகவே மக்கும். தைல மரத்து இலை பிடிவாதக்கார இலை, அதைக் குவியலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்க மாட்டேன். தென்னை மட்டையையும் பாளையையும் குவியலில் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். கீற்றை மேல்மூடிக்கு வைத்துக்கொண்டு, மட்டையைத் துண்டாக்கித் தென்னையைச் சுற்றி மூடாக்காகப் போடுங்கள். தேங்காய் மட்டையை மரத்தைச் சுற்றி வாய்க்கால் போல எடுத்துப் புதைத்தால் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் வேருக்குக் கொடுக்கும். கோரையையும் அருகையும் பிடுங்கியதும் போடக்கூடாது. கோரைக் கிழங்கு குவியலின் ஓரத்தில் உயிர் பிழைத்து, உரத்தோடு தோட்டம் முழுக்கப் பரவிவிடும். மொட்டைமாடித் தளத்தில் பத்து நாள் வெயிலில் வறுத்துவிட்டுப் போடுங்கள். பார்த்தீனியம் பூக்கும் முன் பிடுங்கியதாக இருந்தால் போடலாம், பூத்தது வேண்டாம். பிடுங்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் தடிக்கும், சிலருக்கு மூச்சுத் திணறும். பக்கத்து வீட்டு அம்மாவை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

மாமரம் இருப்பதால் இன்னொன்று. வெம்பி விழுந்த பழத்தில் பழ ஈயின் புழு இருக்கும். அதைச் சூடில்லாத குவியலில் போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி, ஈயாக வெளியே வந்து அடுத்த பழத்தைக் குத்தும். கிருஷ்ணகிரிப் பக்கத் தோப்புக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் நல்ல வெயிலில் வையுங்கள். உள்ளே வெந்துவிடும். அப்புறம் குவியலின் நடுவில் சேர்க்கலாம்.

தென்னை இருப்பதால் காண்டாமிருக வண்டையும் சொல்லியாக வேண்டும். அது முட்டையிடுவது எருக்குழியிலும் மக்கும் குப்பையிலும்தான். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் புரட்டாமல் விட்ட குவியலில் கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. மண்புழுவைப் போல இதுவும் நல்லதுதான் என்று நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த கோடையில் இளந்தென்னை ஒன்றின் குருத்தை வண்டு துளைத்து, கீற்று விசிறி போல வெட்டுப்பட்டு விரிந்தது. அந்த மரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. குவியலில் வெள்ளைப் புழு கண்டால் எடுத்துத் தரையில் விடுங்கள். முதுகால் நகர்ந்து போனால் பூ வண்டின் புழு, அது மக்குவதற்கு உதவுகிறது, விட்டுவிடலாம். பக்கவாட்டில் சுருண்டு கிடந்தால் காண்டாமிருக வண்டாக இருக்கலாம், பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைத் தண்ணீரில் கலந்து குவியலில் ஊற்றினால் இந்தப் புழுக்களுக்கு நோய் கண்டு சாகும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். ஆனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டுகிற குவியலில் இந்தப் புழு பெருக இடமே கிடைக்காது.

பாம்புக்கும் ஏறக்குறைய அதே பதில். பாம்பு குப்பையைத் தேடி வருவதில்லை, குப்பையில் இருக்கும் எலியைத் தேடி வருகிறது. சோறு, குழம்பு, எலும்பு, கறிக்கழிவு இவற்றைப் போட்டால் எலி வரும். தோட்டக் குப்பையில் அவற்றைப் போடவே வேண்டாம். உண்மையில் ஆபத்து அதிகம் உள்ளது மாதக்கணக்கில் தொடாத காய்ந்த சருகு மேட்டில்தான். கண்ணாடி விரியன் சருகுக்குள் படுத்தால் நிறம் தெரியாது. ஈரமாக, சூடாக, அடிக்கடி கிளறப்படும் குவியல் அதற்கு வசதியான படுக்கை இல்லை. இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். புரட்டும் முன் நீளக் கம்பால் நாலு பக்கமும் தட்டுங்கள். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள், மண்வெட்டியோ முள்ளோ வைத்துத்தான் வார வேண்டும். காலில் மூடிய செருப்பு அல்லது பூட்ஸ். இருட்டிய பிறகு அந்த வேலை வேண்டாம். தேளும் பூரானும்கூட நம் ஊரில் உண்டு. தப்பித் தவறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை என்று நேரம் கடத்தாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இவ்வளவு வேலையா என்று மலைக்க வேண்டாம். உங்கள் சருகில் பாதிக்கு இது எதுவுமே தேவையில்லை. மாமரத்தடியில் விழுந்ததை மரத்தடியிலேயே விட்டுவிடலாமே? தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கிளைகளின் நிழல் விழும் வரை அரையடி உயரத்துக்குப் பரப்பி, ஒரு தடவை நன்றாக நனைத்து, பறக்காமல் இருக்க நாலைந்து குச்சியைக் குறுக்கே போடுங்கள். வெயில் மண்ணைத் தொடாது, பாய்ச்சிய தண்ணீர் நிற்கும், அடி இலை மெதுவாகத் தானே மக்கும். வீட்டு முற்றம் சிமென்ட் போல வெறுமையாகக் கூட்டிவிட்டதாக இருக்க வேண்டும் என்ற பழக்கத்தால்தான் நாம் மரத்தின் சாப்பாட்டை அதனிடமிருந்து பிடுங்கி எரிக்கிறோம். எரித்தால் மிஞ்சுவது சாம்பல் சத்தும் கொஞ்சம் சுண்ணாம்பும். தழைச்சத்தும் கரிமமும் புகையாகப் போய் யாரோ ஒருவருடைய நெஞ்சில் சேர்கிறது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே தோட்டக் கழிவை மனைக்குள் தனியாகச் சேர்த்துவைக்கச் சொல்லியிருந்தது, தெருவில் கொட்டுவதையும் எரிப்பதையும் தடுத்திருந்தது. நீங்கள் சட்டத்துக்காக நிறுத்தவில்லை, ஒரு வயதானவரின் மூச்சுக்காக நிறுத்தினீர்கள். அதற்கு என் மனமார்ந்த நன்றி.

உரம் தயாரா என்று தெரிந்துகொள்ள: எது எந்த இலை என்று அடையாளம் தெரியக்கூடாது, தொட்டால் சூடு இருக்கக்கூடாது, முதல் மழையில் எழும் மண்வாசனை வர வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு தொட்டியில் நிரப்பி கீரை விதையோ கடுகோ தூவுங்கள். ஒரு வாரத்தில் பச்சையாக முளைத்தால் சரி. முளைக்காமலோ மஞ்சளாகவோ இருந்தால் இன்னும் ஒரு மாதம் விடுங்கள். அரைகுறையாக மக்கியதைச் செடிக்குப் போட்டால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். சலித்து எடுத்துவிட்டு, சல்லடையில் நின்ற குச்சியையும் இலைத் துண்டையும் அடுத்த குவியலுக்கு உறையாகப் போடுங்கள். பாலுக்கு மோர் ஊற்றுவது போல, புதுக் குவியல் அதனால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வளர்ந்த மாமரத்துக்கும் காய்க்கும் தென்னைக்கும் ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம் என்பது வேளாண் துறையின் கணக்கு. உங்கள் மனையின் சருகில் அவ்வளவும் கிடைத்துவிடாது, ஆனால் வெளியிலிருந்து வாங்கும் எரு கணிசமாகக் குறையும்.

பொடி பற்றிக் கேட்டீர்கள். நுண்ணுயிர்க் கலவைகளில் நல்லவையும் உண்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பயோமினரலைசர் என்று ஒன்றைத் தருகிறது, ஒரு டன் குப்பைக்கு இரண்டு கிலோ. ஈரமும் பச்சையும் சரியாக இருக்கும் குவியலில் அது நாளைக் குறைக்கும். காய்ந்த குழியில் போட்டால் பணம்தான் வீண்.

உங்கள் பழைய குழியில் கிடப்பது எதுவும் வீணாகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணை ஒதுக்கி, மேலேயும் நடுவிலும் அடியிலும் ஒவ்வொரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். மூன்றும் உதிர்ந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தொட்டியில் ஊறப்போட்டு, உங்கள் புல்தரையை வெட்டிக் கலந்து, அதே குழியைப் பாதி ஆழத்துக்கு மண் தள்ளி அதன்மேலேயே கட்டிவிடலாம். அடிப் பிடி மட்டும் ஈரமாக இருந்தால் அதைத் தனியாக வையுங்கள், அதுதான் உங்கள் உறைமோர். நாலாம் நாள் கம்பி சுட்டதா இல்லையா என்று எழுதுங்கள், சுடவில்லை என்றால் என்ன போட்டீர்கள், எத்தனை கூடை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.